அவள் பேரில் நேர்ந்த பால்குடம்

என் பத்து வயது மகளுக்குச் சளிக்காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று பள்ளி வேனிலிருந்து இறங்கியவள், எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறும் படிகளில் மூன்று முறை உட்கார்ந்துவிட்டாள்.

"வயிறு வலிக்குதும்மா."

காத்து அடைத்திருக்கும் என்று எண்ணெய் தேய்த்து, திருநீறு பூசிப் படுக்க வைத்தேன். விடிந்தபோது உதடு வெளுத்திருந்தது. படுத்தபடியே, ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாள்.

ஆம்புலன்சில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருதயத் தசை வீங்கியிருக்கிறது, கிருமிக் காய்ச்சலுக்குப் பின் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும் என்றார் டாக்டரம்மா. வயிற்று வலியும் அதனால்தானாம். நான் தேய்த்த எண்ணெய் வாசம் அவள் சட்டையில் அப்படியே இருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டேன். "முருகா, பிள்ளையைக் கொடுத்துடு. தைப்பூசத்துக்கு அவளே பால்குடம் தூக்கி நடந்து வருவா."

கொடுத்தான். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: ஆறு மாதம் ஓடக்கூடாது, மேடு ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. தைப்பூசத்துக்கோ மூன்று மாதம்கூட இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நடக்க வைத்தால் இருதயம் என்ன ஆகுமோ. நடக்காவிட்டால் சாமி குற்றம் ஆகிவிடுமோ. "சின்னச் செம்புதானே, மெதுவா நடக்கட்டும்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கும் அப்படித்தான் ஆசை வந்தது. மகளிடம் மெல்லக் கேட்டேன்.

"வாக்குக் கொடுத்தது உங்க வாய். நடக்கிறது என் காலா?" என்றாள்.

காய்கறி லோரி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்த என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "டாக்டர் சொன்னது முருகனுக்குக் கேட்டிருக்காதா லா? நீயே தூக்கு."

நானே தூக்கினேன். அவளை வேனில் கோயில் வாசல்வரை கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். அபிஷேகத்துக்குப் பாலைக் கொடுக்குமுன் குடத்தை அவள் மடிக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தேன். தொட்டுக் கும்பிட்டாள். "அவ நடக்கிறதுக்குத் தவணை கொடு, சாமி" என்று மட்டும் கேட்டேன். கேட்டதை ஏற்றானா என்று தெரியவில்லை. அடுத்த ஸ்கேன் இனிமேல்தான். அதுவரை அவள் தூங்கும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பதை என்னால் விட முடியவில்லை.

திரும்பும் வழியில் கேட்டாள்: "அடுத்த வருசம் நான் தூக்குவேனாம்மா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

"டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்டா" என்றேன்.