சூளையில் வெந்த தட்டு

மசக்கைக்காரி கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது. சொன்னால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்த விதி இது ஒன்றுதான். சுவரில் எழுதி ஒட்டியிருந்த மற்ற விதிகளை யாரும் படித்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. வேதியியல் படித்துவிட்டு அங்கே வேலைக்கு வந்த ஒரே பெண் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிரிவுத் தலைவரிலிருந்து ஸ்டோர்காரர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு.

எங்கள் வேலை, பேட்டரிக்கு மண் தட்டு செய்வது. லாரி பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் அமிலத்தில் நெருக்கமாக நிற்கும். ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பேட்டரி செத்துப் போகும். அதனால் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும், அந்தத் தடுப்புக்குள் அமிலம் ஊறிப் போகவும் வேண்டும். நல்ல தடுப்பு அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நம் ஊர்க் களிமண்ணையே அப்பளம் போல மெலிதாக அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு சுட்டெடுத்தால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பது எங்கள் தலைவரின் கனவு. நல்ல கனவுதான். இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அச்சில் தட்டு அழுத்துகிறவள் கம்மாபுரத்துப் பக்கத்துப் பெண். என்னைவிட மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன் அங்கேயே சூளை பார்க்கிறவர். இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது, ஐந்தாம் மாதத்தைத் தொட்டிருந்தது. அச்சுக் கொட்டகையே அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றது. அவள் மண் வாளியைத் தூக்கப் போனால் நாலு பேர் ஓடி வருவார்கள்.

மசக்கையில் சிலர் சாம்பல் தின்பார்கள், சிலர் சிலேட்டுக் குச்சி. எங்கள் கொட்டகையில் தட்டு. சுட்ட தட்டை வாயில் வைத்தால் நாக்கோடு ஒட்டிக்கொள்ளும், கடித்தால் நறுக்கென்று உடையும், முதல் மழை விழுந்த வாசனை மூக்கில் ஏறும். புதுத் தட்டை ஸ்டோர்காரர் பூட்டி வைத்திருந்தார். ஆனால் அக்காவின் முந்தானையில் எப்போதும் துண்டுகள் இருந்தன. உடைந்து போன தட்டாக இருக்கும் என்று நினைத்தேன்.

"மண்ணைத் தின்னா ரத்தம் எப்படிக்கா ஊறும்?" என்று ஒருநாள் அதட்டினேன்.

"அச்சுலேர்ந்து போற தட்டு வெறும் மண்ணுங்க. இவரு கொண்டாறது லேசா தித்திக்குதுங்க. ஒண்ணு வாயில போட்டுப் பாக்கறீங்களா?" என்று சிரித்தாள். மசக்கை நாக்கு வேப்பங்காயையும் தித்திப்பு என்று சொல்லும் என்று நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆறாம் மாதம் வயிற்றுவலி வந்தது. சுருண்டு படுத்துவிடுவாள். உள்ளூர் டாக்டர் வாய்வு என்றார், ரத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். முகம் வெளுத்துக்கொண்டே போனது. பிறகு ஒருநாள் அச்சிலிருந்து எடுத்த ஈரத் தட்டு அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மணிக்கட்டு நிற்காமல் தொங்கியது.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க," என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். அப்போதுதான் பார்த்தேன். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மைக்கோடு இழுத்தது போல நீலக் கறுப்பாக ஒரு வரி.

"வெத்தலை போடறீங்களாக்கா?"

"மசக்கையில வெத்தலை வாடையே ஆவாதுங்க."

தட்டைப் பேட்டரியில் வைத்துச் சோதிக்கும் அறையில் வேலை செய்கிறவர்கள் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது, ஈயம் உடம்பில் ஏறினால் ஈறில் கோடு விழும், மணிக்கட்டு தொங்கும், வயிறு முறுக்கும் என்று நான்தான் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தேன். வயிற்றில் இருக்கிற பிள்ளையை அது விட்டுவைக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அக்கா அந்த அறை வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. அது எப்போதும் பூட்டியிருக்கும். அவள் தொட்டதெல்லாம் மண், தண்ணீர், அச்சு. ஈயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நான் அவள் தண்ணீர்ப் பானையைப் பார்த்தேன், சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

பதில் சூளைப் பக்கத்தில் இருந்தது. பேட்டரியில் ஊறிக் கிடந்த பழைய தட்டுகளைக் கழுவி, மறுபடி சுட்டால் திரும்பப் பயன்படுமா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் தலைவர். அவை சூளையிலிருந்து வெளியே வருவதை நான் தற்செயலாகப் பார்த்தேன். அக்காவின் புருஷன் விரிசல் விட்டதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, ஊதி, துண்டில் துடைத்து, அதிலும் மெலிசான துண்டுகளாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தார். பொண்டாட்டிக்குப் பூ வாங்குகிறவர் மொட்டு மொட்டாகப் பார்த்து வாங்குவாரே, அந்தக் கவனம்.

"அதைக் கீழ போடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் மிரண்டு போனார்.

"என்னம்மா ஆச்சு? கழுவுனதுதான். கழுவுனதோட வுடல, சூளையில வேற போட்டு எடுத்திருக்குது. நெருப்புல வெந்து வந்ததுக்கு என்னம்மா தோஷம்?"

சூளை பார்க்கிற மனிதர். நெருப்பைவிடப் பெரிய சுத்தம் அவருக்குத் தெரியாது. தீட்டுப் பட்ட பானையைக்கூடச் சுட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பி வளர்ந்தவர். அமிலத்தை நெருப்பு விரட்டும், ஈயத்தை விரட்டாது, மண்ணோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்து வைக்கும் என்று எப்படிச் சொன்னால் நம்புவார்? கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை என் அறைக்குக் கூட்டிப் போனேன். மடியிலிருந்த தட்டு ஒன்றைப் பொடித்து, வினிகரில் ஊறவைத்து, தெளிந்த நீரைக் கண்ணாடிக் குழாயில் வடித்தேன். இன்னொரு குழாயிலிருந்த மருந்தை அதில் சொட்டினேன். தண்ணீர் பளீரென்று மஞ்சளாகிக் கலங்கியது.

அவர் முகம் மலர்ந்தது. "மஞ்சளா வருதே. நல்லதுதானேம்மா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அறையில் எனக்குக் கோபம் வராமல் போனது அன்றைக்கு மட்டும்தான். "நல்லது இல்லைங்க," என்றேன். "பேட்டரிக்குள்ள இருக்கற ஈயம் அது. தட்டுக்குள்ள ஏறிப் போச்சு. அக்கா நாக்குல தித்திச்சதும் அதுதான். இதைத்தான் அக்கா தின்னுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து." அவர் மடியை அவிழ்த்து, துண்டுகளை ஒவ்வொன்றாக என் மேஜைமேல் வைத்தார்.

தலைவரிடம் ஓடினேன். டெல்லியிலிருந்து தட்டுகளைப் பார்க்க ஆட்கள் வருகிற சமயம். "மண் திங்கறது பொம்பளைங்க பழக்கம். அதுக்கும் நம்ம ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். மஞ்சள் குழாயை அவர் மேஜைமேல் வைத்து, சம்பந்தம் இதுதான் என்றேன். பழைய தட்டைச் சுடுவதை இப்போதே நிறுத்தாவிட்டால் டெல்லிக்காரர்கள் முன்னால் இதே குழாயை வைப்பேன் என்றும் கத்தினேன். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அவர் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முதல்ல அந்தப் பொண்ணைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஜீப்பை எடுத்துக்குங்க. மத்ததுக்கு வந்து சண்டை போடலாம்," என்றார். அந்த மனிதரை அதுவரை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

பண்ருட்டி வழியாகப் போனோம். ஜீப் குலுங்கும்போதெல்லாம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் அவள் தொங்குகிற கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி டாக்டர் ஈறைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ஈயம்தான் என்றார். தாயைக் காப்பாற்றிவிடலாம், பிள்ளையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். கண்ணை மூடியிருந்தாள். கட்டில் கால்மாட்டில் நின்றபடி அவள் புருஷன் என்னைக் கேட்டார்.

"மொத ரெண்டுக்கும் நான்தாம்மா தட்டு கொண்டாந்து குடுத்தேன். அதுலயும் இருந்துச்சா?"

பேட்டரிச் சோதனையும் பழைய தட்டைச் சுடுவதும் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே தொடங்கியவை. சோதனை பூட்டிய அறைக்குள் நடந்தது என்பதால் எப்போது எதில் ஊறப்போட்டோம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"இல்லைங்க," என்றேன். "அப்பல்லாம் தட்டை வெறும் தண்ணியிலதான் ஊறப்போட்டுப் பார்த்தோம். அது வெறும் மண்ணு."

அவர் என் முகத்தையே பார்த்தார். யாருக்கும் பயந்து பொய் பேசாதவள் என்று அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் அன்றைக்கு உதவியது. அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். வராந்தாவில் அவர் அழுவது கேட்டது.

பழைய தட்டைச் சுடுவது நின்றது. உடைந்த தட்டுக்கும் பூட்டு வந்தது. மசக்கைக்காரிகளுக்கென்று நானே அச்சு மண்ணில் சில துண்டுகளைத் தனியே சுட்டு வைத்தேன். தின்னாதே என்றால் கேட்கவா போகிறார்கள்?

பிள்ளை பிறந்தது, பெண். எலிக்குஞ்சு மாதிரி இருந்தது, ஆனால் வீடு அதிர அழுதது. பார்க்கப் போனேன். அவர் எனக்குச் சோடா வாங்கக் கடைக்கு ஓடினார். அக்கா பிள்ளையை என் மடியில் போட்டாள். கை இப்போது அவள் பேச்சைக் கேட்டது.

"அன்னிக்கி ஆஸ்பத்திரியில அவருகிட்ட நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டுதாங்க படுத்திருந்தேன்," என்றாள்.

அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத ரெண்டு வாட்டியும் தித்திச்சிதுங்க. அவருகிட்ட சொல்லிடாதீங்க."