நெவேனா நிறுத்தாமல் போன இரண்டு நிறுத்தங்கள்

பல்கேரியாவின் வ்ராட்சா நகரத்தில், மேலே போகும் மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலி பஸ்ஸை ஓட்டும் நெவேனாவுக்கு வாய் சும்மா இருக்காது. ஏறுகிறவர்களை வம்புக்கிழுத்துச் சிரிக்க வைத்துத்தான் இறக்கிவிடுவாள். அந்த இலையுதிர்காலத்தில் அந்த வாய் அடங்கிப்போனது. விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும்; எழுந்திருக்கத்தான் முடியாது. ஊரே குளிர்காலத்துக்காகக் குடைமிளகாயைச் சுட்டுப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருக்க, அவள் வாங்கியது பால்கனியில் அழுகிக் கிடந்தது.

“நாறுது நெவேனா. சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவில்லையா?” என்றான் கணவன் ஆசென்.

சோம்பேறித்தனம்தான் என்று அவளும் நம்பினாள்.

ஒரு நாள் சந்தை நிறுத்தத்தில் கூட்டம் காத்திருந்தும் நிறுத்தாமல் போனாள். அடுத்ததிலும் அப்படியே.

“ஏம்மா, எங்களை எல்லை தாண்டி ருமேனியாவுல கொண்டுபோய் விடப்போறியா?” என்று ஒரு கிழவர் கத்தியபோதுதான் சுரணை வந்தது. வண்டியை ஓரங்கட்டினாள். எழுந்திருக்காமல் ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நடத்துநர் பெங்கா முன்னால் ஓடிவந்தாள். “அக்கா, இது சோம்பலும் இல்ல, வயசும் இல்ல. எங்க அண்ணன் இப்படித்தான் இருந்தான். டாக்டர்கிட்ட போலாம், வா.”

“எனக்கென்ன பைத்தியமா?”

“பைத்தியம்னு யாருக்கா சொன்னா? வான்னா வா.”

மருத்துவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், பசியைப் பற்றிக் கேட்டார். பிறகு, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்டார்.

“காலையில கண்ணே முழிக்காம இருந்தா தேவலைனு தோணும்” என்றாள். யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். அவர் பதறவில்லை. மன அழுத்த நோய் என்றார். மாத்திரை கொடுத்தார், வாரந்தோறும் வந்து பேசச் சொன்னார், இப்போதைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்றார்.

ஆசென் பக்கத்து வீடுகளில் முதுகுவலி என்று சொல்லிவைத்தான். கீழ்வீட்டு ஸ்தான்கா மாடிப்படியில் நலம் விசாரித்தபோது நெவேனாவுக்குச் சலித்துவிட்டது.

“முதுகு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சரியில்ல.”

ஸ்தான்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எந்த டாக்டர்கிட்ட போறே? எனக்கும் ரொம்ப நாளா...”

அதற்கப்புறம் இருவரும் ஒன்றாகவே போய்வந்தார்கள். ஆசெனும் ஒருமுறை நெவேனாவோடு போனான். மறுநாளிலிருந்து காலைக் காப்பியை அவனே போட்டான்.

வசந்தத்தில் நெவேனா வேலைக்குத் திரும்பினாள். பழைய கலகலப்பு முழுதாக வந்துவிடவில்லை. சில காலைகள் இன்னும் கனக்கும். அப்படிப்பட்ட நாளில் வண்டியை எடுக்குமுன் பெங்காவிடம் சொல்லிவிடுவாள்: “இன்னைக்கு நாள் மோசம்டி. என் பக்கத்துலயே நின்னு ஏதாவது வளவளன்னு பேசிட்டிரு.”