எவ்வளவு குடித்தார்?

திராட்சைக்கு மருந்து அடிப்பது கத்தரிக்கு அடிப்பது மாதிரி இல்லை. கொடி தலைக்கு மேலே பந்தலில் கிடக்கும். அண்ணாந்துதான் அடிக்க வேண்டும். அடித்ததில் பாதி இலைக்கு, மீதி அடிப்பவன் தலைக்கு. எங்கள் பள்ளத்தாக்கில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேனி ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்த டாக்டருக்குத் தெரியவில்லை. படித்த மனுசன், கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்றைக்குக் கூலிக்கு ஆள் வராததால் தனியாக அடித்தேன். முதுகில் மாட்டியிருந்த டேங்கின் மூடி இறுகவில்லை. கழுத்து வழியாக ஒழுகி முதுகெல்லாம் நனைந்தது. இன்னும் கொஞ்சம்தானே என்று நிறுத்தாமல் அடித்தேன். கண் மங்கியது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. பந்தலின் கல்தூணைப் பிடித்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

தோட்டத்துக்கு வந்த என் மனைவியின் தம்பிதான் என்னைப் பார்த்து ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறான். டாக்டர் அவனிடம் விசாரித்ததை அரைமயக்கத்தில் நானும் கேட்டேன்.

"எவ்வளவு குடிச்சார்?"

"தெரியலைங்க சார்."

"எப்ப குடிச்சார்?"

"நான் போகையில மச்சான் விழுந்து கெடந்தாக, சார்."

குடித்தாரா என்று ஒரு வார்த்தை இல்லை. பூச்சிமருந்து வாடையோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவன் எல்லாம் குடித்தவன்தான் என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது. அளவு தெரியவில்லை, தானாகக் குடித்தவர் என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, அந்த எழுத்தைத்தான் பார்த்தார்கள்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டதும் நாக்கு மரக்கட்டை மாதிரி காய்ந்துவிட்டது. நான் திமிறுகிறேன் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினார்கள். முதுகில் அந்த ஈரச் சட்டை அப்படியே ஒட்டிக்கிடந்தது. விஷம் வயிற்றில் இல்லை, முதுகில் இருக்கிறது. எனக்குத் தெரிகிறது. சொல்ல வாய் வரவில்லை. "சட்டை" என்று சொல்லத்தான் பார்த்தேன். காற்றுதான் வந்தது. அப்படி ஒரு பயம் அதற்கு முன்னால் நான் பட்டதில்லை. தெளிவதும் மறுபடி மங்குவதுமாக இருந்தேன். "வயித்தைக் கழுவியாச்சே, ஏன் திரும்பத் திரும்ப நாடி இறங்குது?" என்று டாக்டர் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி ஆண்டிபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அங்கிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தவளிடம் வாசலிலேயே கேட்டிருக்கிறார்கள், வீட்டில் சண்டையா என்று. உள்ளே வந்து என் தலையில் கை வைத்தவள் அந்தக் கையை மோந்து பார்த்தாள்.

"ஏலே, இவுக தலை ஏன்டா பிசுபிசுங்குது?"

"மருந்தடிச்சா தலையிலதானக்கா விழும்."

"இந்தப் புத்தி டாக்டரு கேக்கையில எங்கன போயிருந்துச்சு?"

"அவரு எம்புட்டுன்னுதானக்கா கேட்டாரு."

"எம்புட்டுன்னா? கல்யாண வீட்டுப் பந்தியில உப்பு இல்லை, உறைப்பு இல்லைன்னு நூறு கேள்வி கேப்பியே, குடிச்சத யாரு பாத்தான்னு இங்கன ஒரு கேள்வி வரலையா ஒனக்கு?"

பிறகு டாக்டரைப் பார்த்துக் கத்தினாள். "குடிச்ச மனுசனுக்கு முதுகு எப்படிய்யா நனையும்?"

நர்ஸ் கத்தரியை எடுத்துச் சட்டையை வெட்டினார். சோப்புப் போட்டு உச்சந்தலையில் இருந்து பாதம் வரை கழுவினார்கள். அதற்குப் பிறகுதான் மங்கல் நின்றது.

உயிர் வந்தது. எழுத்து போகவில்லை. போலீஸ்காரர் வந்து, "கடன் எவ்வளவுய்யா?" என்று கேட்டார். அவருக்கும் எவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளிலும் அதே வரி. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண்ணிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"டாக்டர் எழுதுறதத்தான் அண்ணே நாங்க நம்பரா மாத்துவோம். தானாக் குடிச்சா ஒரு நம்பர், தவறிப் பட்டா வேற நம்பர். உங்களுக்கு மொத நம்பர் விழுந்திருக்கு."

"நம்பர் போட நான் என்ன மாடா?"

"மாட்டுக்குக் காதுல போடுவாக. இது உள்ள கெடக்கும். நாளைக்கு நீங்க நெஞ்சுவலின்னு வந்தாலும் மொதல்ல இதத்தான் பாப்பாக. டாக்டர் திருத்தாம நான் கை வைக்க முடியாதுண்ணே."

அதைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. மறுபடி பயம் வந்தது. இனி எங்கே விழுந்தாலும் எனக்கு முன்னால் அந்த எழுத்து போய்ப் பேசிவிடும்.

டாக்டரிடம் போனேன். "பிழைச்சதுக்கு அப்புறம் எல்லாரும் குடிக்கலைன்னுதான் சொல்றாங்க" என்றார். குடிக்காததை எப்படிக் காட்டுவது? சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றேன். டேங்க் உரசிய இடமெல்லாம் தோல் வெந்து உரிந்திருந்தது. பின்னால் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"உட்காருங்க. என்ன நடந்துச்சு?"

அந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டார்கள். சொன்னேன். பந்தல், அண்ணாந்து அடிப்பது, மூடி எல்லாம் எழுதினார். பழைய வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். முழுசாக அழியுங்கள் என்றேன். முன்னால் எழுதியதும் தெரிய வேண்டும், அதுதான் முறை என்றார். நம்பரை அந்தப் பெண் மாற்றினாள். கோட்டுக்குக் கீழே அந்த வரியை இப்போதும் படிக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மருந்து வைக்கிற மோட்டார் அறைச் சாவியை மனைவி இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்காக அத்தனை பேர் முன்னால் கத்தினவள்தான். இப்போது நான் மருந்து அடிக்கிற நாளெல்லாம் பந்தலுக்கு வெளியே வந்து நிற்கிறாள்.

"வெயில்ல ஏன் நிக்கிற? வீட்டுக்குப் போ" என்றேன் ஒருநாள்.

"டேங்க் ஒழுகுதான்னு பாக்கேன். நீங்க அடிங்க."

டேங்க் புதிது. அது அவளுக்கும் தெரியும். அவள் பார்ப்பது என் முதுகையா, என் கையையா என்று கேட்க வாய் வரைக்கும் வருகிறது. கேட்கவில்லை. அண்ணாந்து அடிக்க ஆரம்பித்தேன்.