இரண்டு அட்டை மாத்திரை

வண்டூரில் சுற்றுலாப் படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கிறவன் நான். எந்தப் படகுக்கு எப்போது ஆயில் மாற்றினேன் என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். அந்தத் திமிரோடுதான் என் மனைவியின் மாத்திரைகளையும் என் பொறுப்பில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு இதய வால்வில் கோளாறு. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. காலையில் தண்ணீரோடு போய் நின்றால் கையை நீட்டுவாள். இது என்ன மாத்திரை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் தள்ளியிருக்கிற இந்தத் தீவில் எங்களுக்கு ஒரு பழக்கம். இங்கே கொடுப்பது பாதி மருந்து, மெயின்லேண்டில் கொடுப்பதுதான் முழு மருந்து என்று வாய் ஓயாமல் பேசுவோம். ஆனால் இங்கத்து மருந்தையும் விட மாட்டோம். மழைக்காலத்தில் கப்பல் தள்ளிப்போய், அங்கிருந்து வர வேண்டியது வராமல் தவித்தவர்கள் நாங்கள். கையில் இருப்பதை நிறுத்தாதே என்பது ஊறிப்போன புத்தி.

சென்னையில் பெரிய டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனேன். பழைய மருந்துச் சீட்டு, லம்பா லைனில் இருக்கிற எங்கள் வீட்டிலேயே கிடந்தது. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று அவர் கேட்டார். பையில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டைகள் இருந்தன. அவ்வளவு பெரிய டாக்டர் முன்னால் அவற்றை எடுத்துக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. "இனிமே நீங்க குடுக்குறதுதான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுதிய புது மாத்திரையை வாங்கினேன். அட்டையில் பெரிய எழுத்தில் வேறு பெயர். பழையதும் நெஞ்சுக்கு, புதியதும் நெஞ்சுக்கு, இரண்டும் சேர்ந்தால் நல்லதுதானே என்று தினமும் இரண்டையும் கொடுத்தேன். கப்பல் டிக்கெட் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் ஒரு நாள் தவறாமல் கொடுத்தேன்.

கப்பல் ஏறிய இரண்டாம் நாள் அவள் வாந்தியெடுக்க ஆரம்பித்தாள். அவள் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள். முன்பெல்லாம் கப்பலின் அடித்தளத்தில், அடுக்குக் கட்டில் போட்ட பங்க் வகுப்பில் பாதிப் பேர் தலை தூக்க முடியாமல் கிடக்கும்போது, இவள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிடுவாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"ஏங்க, வயித்தப் பெரட்டுது. முன்னால இப்பிடி வந்ததே இல்லயே" என்றாள்.

"வயசாவுதுல்லா. கடலுக்கும் ஒன்னயப் பிடிக்காமப் போச்சு" என்று கிண்டல் செய்தேன்.

காலையில் கொடுத்த மாத்திரை வாந்தியோடு போயிருக்கும் என்று, அன்று இரண்டையும் மறுபடி ஒருமுறை கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தும் வாந்தி நிற்கவில்லை. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா எட்டிப் பார்த்து, "ஜஹாஸ் கா சக்கர் ஹை" என்றார். கப்பல் கிறுகிறுப்பு, தரையில் இறங்கியும் ஒரு வாரம் இருக்கும் என்பது இங்கே எல்லாரும் சொல்வதுதான். நானும் தலையாட்டினேன். மறுநாள் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஞ்சியில மஞ்சப்பொடி போட்டீங்களா?"

"கஞ்சியில எவனாவது மஞ்சப்பொடி போடுவானா?"

"செவரும் மஞ்சளாத்தான் தெரியுது."

மஞ்சள் காமாலையோ என்று கண்ணை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. சாப்பிடாத கிறக்கம் என்று சொல்லி, கையில் மாத்திரையை வைத்தேன். வாங்கி விழுங்கினாள். அதற்கடுத்த நாள் காலை குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. நாடி பிடித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. துடிப்பு மிகவும் மெதுவாக, விட்டு விட்டு வந்தது. ஈசிஜி எடுத்தார்கள். வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னார். ஆட்டோ பிடித்துப் போய் அள்ளிக்கொண்டு வந்தேன். அவற்றைக் கட்டிலில் பரப்பி, இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டிலும் டிகாக்சின் என்று இருந்தது. கம்பெனிதான் வேறு.

அளவோடு கொடுத்தால் இதயத்துக்குத் துணை, கூடினால் விஷம் என்று ஹிந்தியில் விளக்கினார். வாந்தி அந்த விஷத்தின் முதல் அடையாளமாம். எல்லாம் மஞ்சளாகத் தெரிவதும் அதுதானாம். வாந்தியில் உடம்பின் உப்புச்சத்து போகப் போக விஷம் இன்னும் ஏறுமாம். மாத்திரையை நிறுத்தி, ரத்தத்தைச் சோதித்து, குறைந்த உப்பைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவோம் என்றார். இதை முறிக்க ஒரு மருந்து உண்டு, ஆனால் இங்கே இல்லை, மெயின்லேண்டிலும் லேசில் கிடைக்காது என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. விமானத்தில் கொண்டுபோகிற நிலையில் அவள் இல்லை.

பிறகு கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு, "யே தோனோ கிஸ்னே தியா?" என்று கேட்டார். இரண்டையும் கொடுத்தது யார்?

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து அவள் குரல் வந்தது. "மைனே ஹி காயா. இன்கோ மாலும் நஹி."

நானேதான் சாப்பிட்டேன், இவருக்குத் தெரியாது. டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் போன பிறகு, "எதுக்குட்டி அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் இல்லாமப் போனா ஒங்களுக்கு இருக்குறது அந்தப் பய ஒருத்தன்தான். தெரிஞ்சா ஒங்களக் கைவிட்டுருவான்."

எங்கள் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். எனக்கும் அவனுக்கும் ஏற்கெனவே பேச்சு குறைவு; சென்னையில் இருந்த மூன்று வாரமும் லாட்ஜில்தான் தங்கினோம். எல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று அடித்துப் பேசுகிற ஆள் நான் என்பது அவன் குறை. அவன் சொன்னது சரிதான்.

இரண்டு நாள் அவளுக்கு மிஷின் மாட்டிப் பார்த்தார்கள். அந்த டாக்டரம்மா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. துடிப்பு கொஞ்சம் ஏறும், நான் நர்ஸின் முகத்தைப் பார்ப்பேன், மறுபடி இறங்கும். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்த நேரத்தில் அது நின்றுவிட்டது.

மகன் அன்று சாயங்கால விமானத்தில் வந்தான். டாக்டரம்மா அவனிடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவனும் கேஸ் ஷீட்டை வாங்கி வாசித்தான். மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து, கல்லறையில் எல்லாரும் மண் போட்டுவிட்டுக் கலைந்த பிறகு, அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். பல வருடங்களுக்குப் பிறகு என் தோளில் கை போட்டான்.

"அம்மா ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சாப்பிட்டுருக்கலாம்லப்பா" என்றான்.

"ஆமா" என்றேன்.