மழைத் தெருவுக்கு ஒரு சாம்பல் நிறம்

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். முடிவெட்ட ஆள் இல்லாத நேரத்தில் எதிரே தெரியும் தெருவை எண்ணெய் வண்ணத்தில் வரைவார். கடைசி நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு, அதில் கேன்வாஸ். வரைந்ததைத் திரும்பி நின்று சலூன் கண்ணாடியில் பார்ப்பார். அப்படிப் பார்த்தால்தான் கோணல் தெரியுமாம். கடைக்கு வருகிறவர்களுக்கு டர்ப்பன்டைன் நாற்றம் பழகிவிட்டது. எனக்கு இன்னும் பழகவில்லை.

இந்த முறை மழை பெய்த தெரு. பஸ் நிறுத்தம், குடைகள், விளக்குக் கம்பம் எல்லாம் நன்றாகவே வந்தன. நனைந்த ரோடுதான் வருவேனா என்றது. நீலமும் பழுப்பும் கலந்து சாம்பல் நிறம் எடுப்பார். பூசிவிட்டு, "இப்போ சரியா இருக்கா?" என்பார். "நீலமா இருக்குங்க" என்று சொன்னால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

தாடி எடுக்க வரும் பஸ் டிரைவர் ஒருநாள், "அண்ணே, இந்த ரோட்டுல பஸ் ஓட்டணுமா, நீச்சல் அடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். கடையே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. அன்று மாலை பிரஷ்களைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டு மூடினார்.

"நிறம் கலக்குற கை போயிடுச்சு. இனிமே வேண்டாம்."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த அந்த நாற்றத்துக்காக ஏங்குவேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஒருநாள் என் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். இவருக்கு ஒரு காலில் கருப்பு சாக்ஸ், மறு காலில் கருநீலம். ரெண்டும் கருப்புதான் என்று சாதித்தார். எனக்குப் பொறி தட்டியது. தங்கையாவது ஒன்றாவது என்று நேரே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"புரை நல்லா முத்திப்போச்சு" என்றார் டாக்டர். "நீலமும் கருப்பும் ஒண்ணாத்தான் தெரியும். ஆபரேஷன் பண்ணா தெளிஞ்சிடும்."

"கண்ணு தெளியும். கை?" என்று இவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு கண்ணும் முடிந்து, கடைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று நானும் கூடப் போனேன். நான் தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயவில்லை. ஷட்டரைத் தூக்கியதும் இவர் நேரே கேன்வாஸ் முன்னால் போய் நின்றார். எதையாவது சொல்லித் தொலையுங்களேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"ஐயையோ, இவ்ளோ நீலமா!" தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "டிரைவர் சொன்னது சரிதான். கை போகலடி. கண்ணுதான்!"

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

பெட்டியைத் திறந்தார். நீல ரோட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். நாற்றம் குப்பென்று அடித்தது. புதிதாகக் கலந்துவிட்டு வெளியே பார்த்தார். தெருவில் பளீரென்று வெயில். என் பக்கம் திரும்பி, ஈர முடியை உற்றுப் பார்த்தார்.

"உனக்கு எப்போ இவ்ளோ நரைச்சுது?"

"உங்களோட குடித்தனம் பண்ண ஆரம்பிச்சதிலேருந்து!"

"அசையாம நில்லு. ரோட்டுக்கு அந்த நிறந்தான் வேணும்."

அந்த நேரம் பார்த்துத் தாடியோடு வந்த டிரைவரை, கொஞ்சம் பொறுங்கள் என்று கைகாட்டிவிட்டு அப்படியே நின்றேன்.