ஓர் உள்ளங்கைத் தண்ணீர்

ஸ்ரீவராகத்தில் நான் பால் விற்றுப் பிழைத்தவள். என் கணவருக்குப் பக்கவாதம். பாலும் கஞ்சித் தெளிவும் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காது. கஞ்சியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வார். கொட்டிலில் நின்ற ஒரே பசுதான் அவருக்கு ஆகாரம், எனக்கு அரிசி.

எங்கள் தெருவில் யாரும் வெறும் செம்பில் கறக்க மாட்டார்கள். ஓர் உள்ளங்கைத் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் மடியில் கை வைப்போம். இல்லாவிட்டால் மடி வற்றும், குடிக்கிற வீட்டுக்கும் ஆகாது என்பார்கள். செம்பு நிறையக் கறந்த காலத்தில் அந்தத் தண்ணீர் இருந்த இடம் தெரியாது. பசு சினையாகி, கறவை அடிச்செம்புக்கு வந்துவிட்டது. பால் குறைந்ததே தவிர என் உள்ளங்கை குறையவில்லை. அது என் மரமண்டைக்கு எட்டவேயில்லை.

அப்போதுதான் நகரசபை, பால் விற்பவர்களுக்கு லைசன்ஸ் என்று கொண்டுவந்திருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் எங்கள் தெருக்காரர். அவர் வீட்டுக்கும் பால் நான்தான். ஒரு நாள் காலையில் சேவகனோடு வந்து, தெருவிலேயே என்னை நிறுத்தி, பாலில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டார். நல்ல பாலில் அது தலை தூக்கி நிற்குமாம். என் பாலில் கழுத்துவரை முங்கிவிட்டது.

"தண்ணி சேர்த்திருக்கேள், மாமி."

"மடி தொட விட்ட தண்ணிதான். உங்காத்துல கேட்டாலே தெரியுமே."

"சட்டத்துல அதெல்லாம் கிடையாது. நாளைக்கு என் கண் முன்னால கறங்கோ. தண்ணி இருந்தா லைசன்ஸ் போயிடும், கேட்டேளா?"

சேவகன் பாலை ஓடையில் கொட்டினான். அன்று முழுவதும் என் கணவர் கொட்டில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் என் செம்பைக் கவிழ்த்து உதறிக் காட்டச் சொன்னார். ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தேன். பசுவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கறந்தேன். குழல் நிமிர்ந்து நின்றது.

"பேஷ், சுத்தமான பால்," என்றார். பிழைத்தோம் என்று நினைத்தேன். நினைப்புத்தானே பிழைப்பைக் கெடுக்கும்.

அந்தப் பாலோடு முதலில் போனது அவர் வீட்டுக்குத்தான். அவர் மனைவி பாத்திரத்தை நீட்டவில்லை.

"வெறும் செம்புல கறந்ததைக் குழந்தைக்கு எப்படி மாமி குடுக்கறது? எல்லாரும் பார்த்தாளே."

இன்ஸ்பெக்டர் உள்ளே தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கேட்டேன்.

"அடுக்களைக் காரியத்துல நான் தலையிடறதில்லை, மாமி."

அவள் வேண்டாம் என்றதும் தெருவே வேண்டாம் என்றது. தண்ணீர் விட்டால் லைசன்ஸ் போகும், விடாவிட்டால் வாடிக்கை போகும். பருத்திக்கொட்டைக்கும் வைக்கோலுக்கும் வழியில்லாமல் சினைப்பசு எலும்பும் தோலுமாக நின்றது. கடைசியில் இன்ஸ்பெக்டர் வீட்டம்மாளே அதை வாங்கிக்கொண்டாள், எனக்குத் தருமம் செய்கிறாற்போல.

கன்று போட்ட பிறகு அது வேறு யாரையும் மடியில் கை வைக்க விடவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போனேன். வயிற்றுக்கு ரோஷம் ஏது? பசு என் தோளை நக்கியது. அவள் நீட்டிய செம்பில் ஓர் உள்ளங்கைத் தண்ணீர் இருந்தது.

"இது இன்ஸ்பெக்டர் சாருக்குத் தெரியுமா?" என்றேன்.

"அந்தச் சட்டம் விக்கற பாலுக்குன்னா, மாமி. இது ஆத்துக்குத்தானே," என்றாள். கூடத்தில் அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

செம்பு வழிய வழியக் கறந்து கொடுத்தேன். கூலியாக நொய்யரிசி போட்டாள். வீட்டுக்கு வந்தபோது என் புடவையில் பால்வாசனை அடித்திருக்க வேண்டும். என் கணவர் வாயைத் திறந்தார். கஞ்சித் தெளிவைத்தான் ஊற்றினேன்.