யோகம் கூடாத வருஷம்

கேரளத்து ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் கூட்டத்தைக் கூட்டம் என்று யாரும் சொல்வதில்லை. யோகம் என்போம். மலையாளத்திலிருந்து வந்து எங்கள் வீட்டுத் தமிழோடு ஒட்டிக்கொண்ட சொல் அது. தெருச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் பொதுயோகம். லாட்டரி விழுந்தவனுக்கு அடித்ததும் யோகம்தான். எது எந்த யோகம் என்று எங்களுக்குள் யாரும் குழம்பியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிற உறவினர்கள்தான் முதலில் விழிப்பார்கள், நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் சுருக்கென்கிறது.

பொதுயோகம் விஷு கழிந்த ஞாயிற்றுக்கிழமை பஜனை மடத்தில் நடக்கும். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து நான் ஒன்றைக்கூட விட்டதில்லை. பொய் சொல்வானேன், சண்டை பார்க்கத்தான் போவேன். சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு யார் வீட்டு வாழைமட்டை காரணம் என்று ஆரம்பிக்கும். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளிநடப்புச் செய்வார். வடை வாசனை வந்ததும் அதே வேகத்தில் உள்ளே வருவார்.

கணக்கு வாசித்து, கை தூக்கி, நன்றி சொல்லி எல்லாம் முடிந்தபின் தலைவர், "ஆர்க்காவது எதாவது சொல்லணுமோ?" என்று கேட்பார். அது உறுப்பினர்களைப் பார்த்துக் கேட்பது இல்லை. வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்துக் கேட்பது. பின்சந்தில் ஒற்றை அறைகளில் வாடகைக்கு இருப்பவர்கள், சாலைச் சந்தைக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்கள், எங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். அவர்களில் யார் வேண்டுமானாலும் ஒன்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லாமல் வடை வெளியே வராது. எந்த விதியிலும் இது எழுதியிருக்கவில்லை, ஆனாலும் மாறாமல் நடந்தது. வடைக் கேள்வி என்றே அதற்குப் பெயர். தண்ணீர்ப் பஞ்சம் வந்த ஒரு கோடையில், மடத்துக் குழாயில் பின்சந்துக்காரர்களும் பிடித்துக்கொள்ளலாமா என்று இஸ்திரிக்காரர் கேட்டார். கமிட்டியில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். உள்ளே வடை ஆறிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ளட்டும் என்று உடனே தீர்மானமாகிவிட்டது. ஜனநாயகம் என்று யாராவது பெரிதாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வரும்.

கொரோனா வந்த வருஷம் பொதுயோகம் நின்றது. நிற்கத்தான் வேண்டும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சங்கத்தின் காரியதரிசி என் கணவர்தான். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆஸ்துமாக்காரர். பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் எங்கள் ஜன்னல் சாத்திக்கொள்ளும். யோகத்துக்குப் பதிலாக வாட்ஸ்ஆப் குழு வந்தது. முதல் வாரம் அதிலும் சண்டை நன்றாகத்தான் நடந்தது. இரண்டாவது வாரம், வதந்தி பரவுகிறது என்று காரணம் சொல்லி, அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் கட்டைவிரலைக் காட்டலாம். அறுபது வீட்டுக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு கட்டைவிரலோடு உட்கார்ந்துவிட்டோம். பின்சந்துக்காரர்களுக்கு அந்த விரலும் இல்லை.

மாவுக்காரம்மா எங்கள் பின்சந்துக்கு வந்தது அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, கணவன் இல்லை. ஒரே மகளை அங்கேயே கட்டிக்கொடுத்துவிட்டு, சாலைச் சந்தையில் கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவரை நம்பி இங்கே வந்து, கிரைண்டர் ஒன்று வாங்கிப்போட்டு இட்லி மாவு விற்க ஆரம்பித்தாள். கொரோனா வந்ததும் ஹோட்டலுக்குப் போகப் பயந்த தெரு முழுவதும் அவள் மாவில்தான் சாப்பிட்டது. கேட்டில் பையை மாட்டிவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் கை பட்ட மாவுக்கு எங்களுக்குப் பயமில்லை. அவள் மூச்சுக்குத்தான் பயம்.

மறு வருஷம் ஊசி வந்தது. தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் சட்டைக் கையை மடக்கிவிட்டு எடுத்த படங்களை அட்மின்கள் குழுவில் போட்டார்கள். அங்கே போட்டுக்கொள்ள வருகிறவர்களுக்குத் தின்பண்டம் கொடுத்து உபசரிக்கிறார்களாம். என் தம்பி மலாவி நாட்டில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அவன் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கே இன்னும் வரவில்லை என்றான். இந்தியாவிலிருந்து வர வேண்டிய மருந்து நின்றுபோய்விட்டது என்று என்னவோ நான்தான் எடுத்து அலமாரியில் பூட்டி வைத்த மாதிரி போனில் கோபித்துக்கொண்டான். இங்கே சுடுகாட்டில் இடமில்லாமல் இருக்கும்போது எப்படியடா அனுப்புவார்கள் என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். பணக்கார நாடுகள் தங்கள் ஜனங்களுக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு வாங்கி வைத்திருந்தன. மருந்தின் காப்புரிமையைக் கொஞ்ச காலம் தளர்த்துங்கள், எல்லா ஊரிலும் செய்துகொள்ளட்டும் என்று உலக அரங்கில் கேட்டுப் பார்த்தார்கள். அந்த யோகம் கூடிக்கூடிக் கலைந்தது. அங்கே செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்கத்தான் கேட்டார்கள், ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்லாமலே வடை பந்திக்குப் போய்விட்டது. அக்காவும் தம்பியும் அன்று சண்டை போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

மாவுக்காரம்மாவின் மகள் அப்போது தலைச்சன் கர்ப்பிணி. பேறு புரட்டாசியில் என்று சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள்: கேரளத்தில் நோய் அடங்கவில்லை, இரண்டு ஊசியும் போட்டிருந்தால் மட்டும் பெண்ணைப் பெற்றவள் பேறுகாலத்துக்கு வரலாம், இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். தாயில்லாமல் தலைப்பிரசவமா என்று மாவுக்காரம்மா பதறினாள். இரண்டு ஊசிக்கு நடுவே மூன்று மாதம் போல இடைவெளி வேண்டும் என்பதால், முதல் ஊசியை ஆனிக்குள் போட்டாக வேண்டும்.

அவள் விடிவதற்கு முன்னால் போய் அரசாங்க மையத்தில் வரிசையில் நின்றாள். யாருக்கும் எங்கேயும் போடலாம் என்றுதான் சட்டம். ஆனால் டோக்கன் வார்டு வழியாக வந்தது. கொடுத்த பையன் ஆதாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மச்சிக்கு வோட்டு எவிடெயா?" என்று கேட்டிருக்கிறான். வள்ளியூரில் என்றிருக்கிறாள். இந்த வார்டுக்காரர்களுக்குப் போட்டு மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்றானாம். மிச்சமிருக்கவில்லை. போனில் பதிவு செய்யலாம் என்றால் அவளிடம் இருந்தது பொத்தான் போன். நான் என் போனில் அவளுக்காகப் பல நாள் முயன்றேன். பட்டியல் திறக்கும், பெயர் அடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அந்தப் பங்குனியில்தான் சட்டசபைத் தேர்தல் முடிந்திருந்தது. எங்கள் வாசலுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். பின்சந்துக்குள் ஒருவர்கூடத் திரும்பவில்லை, அங்கே ஓட்டு இல்லை.

ஆனி மாதம், ஒரு தனியார் ஆஸ்பத்திரியோடு பேசி எங்கள் சங்கமே காசு கொடுத்து மடத்தில் ஊசி முகாம் வைத்தது. உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும் என்று குழுவில் அட்மின் அறிவிப்பு. நாங்களும் கட்டைவிரல் காட்டினோம். மாவுக்காரம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாள் மாவுப் பையை மாட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

"சாரு, துட்டு வச்சிருக்கேன். என் பேரையும் சேத்துக்கிடுங்க. மவளுக்குப் பேறுகாலம்."

என் கணவர் இரட்டை முகக்கவசத்தோடு உள்வாசலிலேயே நின்றார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர், எதையும் விதி பார்த்துச் செய்கிறவர். உறுப்பினர் அல்லாதவர்களைச் சேர்ப்பதென்றால் பொதுயோகம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும், கமிட்டிக்கு அந்த அதிகாரம் கிடையாது. இதை அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க அவருக்கு மூச்சில்லை.

"யோகம் கூடலை அம்மா. கூடியிருந்தா உங்களுக்கும் கெடச்சிருக்கும். நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

அவள் பிடித்திருந்த கேட்டை விட்டாள். பிறகு, "யோகம் கூடலன்னா யார என்ன சொல்லதுக்கு, சாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வாசற்படியில்தான் இருந்தேன். அவள் பதில் எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது. பாவம், நிலைமையைப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

முகாம் அன்று மடத்துக்குள் தெருவே திரண்டிருந்தது. யோகம் கூடுவதற்கு இடம் கொடுக்காத மடம் ஊசிக்கு இடம் கொடுத்தது. அங்கே ஒரு உறுப்பினரின் மருமகன் வெளியூரான வித்துராவிலிருந்து காரில் வந்து இறங்கிப் போட்டுக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்ததும் நான் சும்மா இருக்கவில்லை.

"ஏன்னா, வித்துராக்காரனுக்கு மட்டும் எந்த யோகம் கூடித்து?"

அவன் உறுப்பினரின் குடும்பம், விதிக்கு உட்பட்டவன் என்றார் அவர். அன்று ராத்திரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம். ஊசி போட்ட கை இருவருக்கும் வலித்தது.

ஓணம் கழிந்து கொஞ்ச நாளில் ஊசி தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது. போடவில்லையா, போடவில்லையா என்று வீடு வீடாக வந்து கேட்டார்கள். அதற்குள் புரட்டாசியும் பேறும் வந்துவிட்டன. பெண் குழந்தை. மகள் பிரசவ அறைக்குள் போகிறவரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். மாவுக்காரம்மா இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு போனபோது குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்தது, பாட்டி கை நீட்டியதும் வீறிட்டு அழுதது. மகள் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வர வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் வந்திருப்பாய் என்றாளாம். போன வருஷம் இரண்டாவது பேறுக்கு மகள் தாயை அழைக்கவே இல்லை. இதையெல்லாம் மாவுக்காரம்மா பையை மாட்டுகிற நேரத்தில் துண்டு துண்டாக என்னிடம் சொன்னதுதான். சொல்லும்போது அழமாட்டாள். அதுதான் எனக்குத் தாங்காது.

நோய் போய்விட்டது, முகக்கவசம் போய்விட்டது. யோகம் மட்டும் திரும்பி வரவில்லை. குழுவில் அறிவிப்பு, கட்டைவிரல், தீர்மானம். இது எவ்வளவு சௌகரியம் பாருங்கோ என்றார்கள், சண்டையே இல்லையாம். சண்டை இல்லாத தெருவை எனக்குப் பிடிக்கவில்லை. சங்கத் தேர்தல் நடக்காததால் என் கணவரும் காரியதரிசியாகவே தொடர்ந்தார். இந்த வருஷம் யோகம் கூட்டாவிட்டால் காலையில் காப்பியை மறந்துவிட வேண்டியதுதான் என்று விஷுவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே அவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். கூட்டினார்.

மடத்தில் ஒரு விசேஷம், வடை வேண்டும் என்று மாவுக்காரம்மாவிடம் சொன்னேன். போட்டு அனுப்பினாள். யோகத்துக்குத் தெருவில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. பலர் லிங்க் அனுப்பக் கூடாதா என்று கேட்டிருந்தார்கள். ஒருவரும் துண்டை உதறவில்லை. கடைசியில் தலைவர் பழைய ஞாபகத்தில், "ஆர்க்காவது எதாவது சொல்லணுமோ?" என்று கேட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செருப்புகள் மட்டும் கிடந்தன. இஸ்திரிக்காரர் ஊரோடு போய்விட்டார். பின்சந்தில் இப்போது இருப்பவர்களில் பாதிப்பேர் வங்காளப் பக்கத்துப் பையன்கள், அவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருந்ததே தெரியாது. யாரும் எதுவும் கேட்காததால் வடை உடனே வந்தது. என் வடையை இலையிலேயே வைத்துவிட்டேன்.

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நானே பின்சந்துக்குப் போனேன். மாவுக்காரம்மா கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம்மா மடத்துக்கு வரலை? யோகத்துக்கு ஆர் வேணாலும் வரலாமே. எதாவது கேட்டிருக்கலாமே."

"யோகத்துக்கா?" என்று நிமிர்ந்தாள். "எனக்கு ஏது மாமி யோகம்?"

அப்போதுதான் எனக்குத் தட்டியது. அவள் வந்த பிறகு, இதற்கு முன்னால், எங்கள் தெருவில் யோகமே கூடியதில்லை. அந்தச் சொல் அவள் காதில் அந்தப் பொருளில் விழ வழியே இல்லை. யோகம் என்றால் இங்கே கூட்டம், மீட்டிங், ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து பேசுவது என்று சொன்னேன். அதிர்ஷ்டத்தைச் சொல்கிற உங்கள் ஊர் யோகம் இல்லை என்றேன்.

அவள் குழாயை மூடினாள்.

"அப்போ அன்னைக்கு ஊசிக்கு வந்து நின்னப்ப, கூடலன்னு சாரு சொன்னாவளே. அது?"

"இந்தக் கூட்டத்தைத்தான்."

ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு யோகமில்ல, அதான் வர முடியலன்னுலா மவகிட்ட சொன்னேன்" என்றாள். "கூட்டம்னா கூட்டியிருக்கலாம்லா மாமி."